வெட்டிய நாலு வரி

திருநகர், 2009

மாப்ள,

எட்டுப் பேர் ராப் பாடிய நம் சிடி உன்னிடம் இன்னும் இருக்கிறதா? மூன்று வருடத்துக்கு முன்னால், மே மாத வெயிலில், எங்கள் வீட்டு அறைச் சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி, சத்தம் வருகிறதென்று ஃபேனையும் நிறுத்திவிட்டுப் பாடினோம். சட்டை நனைந்து ஒட்டியும் ஒருத்தன்கூட வெளியே போகவில்லை. மதுரைப் பேச்சில் ராப் எடுபடாது என்று சிரித்த காலேஜ் முழுக்க அந்த சிடி கைமாறியது.

நீ வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, நாற்று நடும் உன் அம்மாவைப் பற்றிப் பாடினாய். கடைசி நாலு வரியில், ஊருக்கு வெளியே இருக்கும் உங்கள் தெருவின் பெயரைச் சொன்னாய். சிடியில் அந்த வரிகள் வரவில்லை.

"கம்ப்யூட்டர்ல அழிஞ்சு போச்சுடா" என்றேன்.

"அம்புட்டுதான? நாளைக்கே வாரேன், திரும்பப் பாடுறேன்" என்றாய். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து போன் செய்தாய். "அம்மா கேட்டுச்சு மாப்ள, நம்ம தெருப் பேர எங்கடா காணோம்னு." அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

அது அழியவில்லை. நான்தான் வெட்டினேன். தெருப் பெயர் தெரிந்தால் எங்கள் வீட்டில் உன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று பயந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று, கம்ப்யூட்டரில் வெட்டாமல் அப்படியே கிடந்த முழுப் பாட்டையும் கேட்டேன். அந்தப் பெயரைச் சொல்லுமுன் ஒரு நொடி நின்று, நன்றாக மூச்சை இழுத்துக்கொள்கிறாய். அந்த மூச்சையும் சேர்த்து வெட்டியிருக்கிறேன்.

முழுப் பாட்டும் இதோடு வரும் சிடியில் இருக்கிறது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டு. எனக்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை.

உன் பாட்டை வெட்டியவன்