மித்து ஆடவில்லை

ஆகஸ்ட் 18

நேற்று இரண்டு கோல். இரண்டாவது தலையால் அடித்தது. மைதானமே 'மித்து, மித்து' என்று பாடியது. மிதுலன் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. இன்று ஓய்வு நாள். லண்டனில் நான் இருக்கும் சட்டன் பகுதி ரொட்டிக்கடையில் பாண் வாங்கும்போது குரல் அடைத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் தெரிந்தது, காலையிலிருந்து ஒருவருடனும் பேசவில்லை என்று.

அணியில் இருந்த மற்ற ஸ்பானியனும் போன மாதம் போய்விட்டான். இனி அங்கே என் மொழி பேச ஆளில்லை. வலென்சியாவில் பிறந்தவனுக்குக் கனவு ஸ்பானிஷில்தான் வருகிறது. தமிழுக்கு அம்மாவின் போன்.

"சாப்பிட்டனியோ?"

"ஓம் அம்மா."

சாப்பிடவில்லை.

செப்டம்பர் 4

வருஷா வருஷம் செய்யும் இதயப் பரிசோதனை. ஸ்கேன் எடுத்த பெண் முதலில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்.

செப்டம்பர் 11

இதயத் தசை தடித்திருக்கிறதாம். சிலருக்கு இப்படிப் பிந்தித்தான் தெரியவருமாம். ஓடும்போது எந்த நேரமும் இதயம் நின்றுவிடலாம், இனிப் போட்டிகளில் ஆட வேண்டாம் என்றார் டாக்டர்.

"எத்தனை வாரம்?" என்று கேட்டேன்.

"வாரக் கணக்கு இல்லை, இனி எப்போதுமே" என்றார். அப்போதுதான் விளங்கியது.

வெளியில் தொடைக் காயம் என்று சொல்லுங்கள் என்று கிளப்பைக் கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 12

ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஆருக்குச் சொல்லுறது?

செப்டம்பர் 21

பார்வையாளர் வரிசையிலிருந்து ஆட்டம் பார்த்தேன். முன்னால் இருந்த பெரியவர் திரும்பி, எப்போது வருவாய் என்று கேட்டார். மூன்று வாரத்தில் என்றேன். என் இடத்தில் ஆடியவன் கோலுக்கு நேரே நின்றுகொண்டு பந்தை வெளியே அடித்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 3

என் ஒப்பந்தங்களைப் பார்க்கும் முகவர் பெனீத்தோ அழைத்தான். இதயத்தைப் பற்றிக் கிளப் அவனுக்குச் சொல்லியிருக்கிறது. தூரத்து நாடொன்றில் ஒரு கிளப் இருக்கிறதாம். எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டால் இதயத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்களாம்.

"பயிற்சியாளனாகச் சாகும்வரை இருக்கலாம். ஆட்டக்காரனாக இன்னும் சில வருஷம்தான், யோசி" என்றான்.

போறன். ஏன் போகக்கூடாது? பதினேழு வயசிலயிருந்து இதைத்தானே செய்யிறன், எனக்கு வேற என்ன தெரியும்? இந்த வீட்டுக்குள்ள சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதும் சாகிறதும் ஒண்டுதானே —

அக்டோபர் 8

டாக்டரிடம் போனேன். போகலாமா என்று கேட்க அல்ல, போகிறேன் என்று சொல்ல. அவர் வாதாடவில்லை.

"தடுக்க எனக்கு அதிகாரமில்லை. அப்பா இருக்கிறாரா?"

எனக்குப் பதினைந்து வயதில், வேலைக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் விழுந்து இறந்தார் என்றேன். மாரடைப்பு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

"கூடப் பிறந்தவர்கள்?"

ஓர் அக்கா. இதே லண்டனில், இல்ஃபோர்டில்.

"இது பரம்பரையாக வரக்கூடியது. அவரையும் உடனே சோதிக்க வேண்டும்."

அக்காவுக்குச் சொன்னால் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தால் நான் எந்த நாட்டுக்கும் போக முடியாது.

அக்டோபர் 9

பெனீத்தோ மறுபடியும் அழைத்தான். நான் எடுக்கவில்லை.

அக்டோபர் 10

இல்ஃபோர்டுக்குப் போனேன். பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் மட்டும் போகிற வீடு. யசோதினி அக்கா மாடியிலிருந்து இறங்கிவந்து கதவைத் திறந்தாள்.

"என்னடா, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறாய்? காயம் மாறீட்டுதோ?"

சொல்லும்போதே மூச்சு வாங்கியது அவளுக்கு. அதைப் பார்த்ததும், காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். "அப்பாவுக்கும் இதுதானோ?"

"அப்பிடித்தான் இருக்கும்."

"ஒரு மாசமா இதைத் தனிய வச்சுக்கொண்டு இருந்தனியே?" தோளில் ஓங்கி ஓர் அடி. பிறகு அழுதாள். "நானும் போன கிழமை குசினிக்க சமைக்கேக்க மயங்கி விழுந்திட்டன். சத்துக் குறைவாக்கும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அக்டோபர் 11

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே அவளைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது பெனீத்தோவை அழைத்து, வரவில்லை என்றேன். கத்தினான். கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 6

அக்காவுக்கும் இருக்கிறது, என்னுடையதைவிட மோசமாக. இதயம் தடுமாறினால் அதிர்ச்சி கொடுத்துத் திருப்பும் சிறு கருவி ஒன்றை நெஞ்சுக்குள் வைக்கப் போகிறார்கள்.

"நீ அண்டைக்கு வராட்டி..." என்று தொடங்கினார் அக்காவின் கணவர் சிவதர்ஷன் அத்தான்.

நவம்பர் 23

நான் இனி ஆட மாட்டேன் என்று கிளப் அறிவித்தது. ஆட்டத்துக்கு முன் என்னை நடுவில் நிறுத்தினார்கள். மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. கையசைத்தேன், சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஆளில்லாத வீட்டில் ஆருக்குக் கேக்கும் எண்டு தண்ணியைத் திறந்தனான்?

ஜனவரி 18

சட்டன் வீட்டை விட்டு இல்ஃபோர்டுக்கு வந்துவிட்டேன். அக்கா வீட்டு மேலறை. கருவி வைத்த பக்கக் கையை அக்கா இன்னும் உயர்த்தக்கூடாது. வலென்சியாவிலிருந்து அம்மா வந்திருக்கிறார். காலையில் இரண்டு பேரையும் மீன் கடைக்குக் கூட்டிப்போனேன். விளை மீனா அறக்குளாவா என்று நடுக்கடையில் நின்று சண்டை பிடித்தார்கள். இரண்டையும் வாங்கினேன். கழுவியதும் நான், வெட்டியதும் நான், "இப்பிடியே வெட்டுறது?" என்று பேச்சு வாங்கியதும் நான்.

மாலையில் அத்தான் டிவியைப் போட்டார். கோல் முடிவுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. இன்று என் பழைய அணிக்கு ஆட்டம் இருந்த நாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.