குலா என்றால் ஒன்று

அம்மா,

நேற்று தீபாவளி. லோபாக்கில் எங்கள் வீட்டில் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா மிட்டாயும் வைத்திருந்தேன். "இன்னொரு மிட்டாய் எடுத்தே, பல்லெல்லாம் கொட்டிப்போயிரும் லா!" என்று முன்னறையிலிருந்து உன் மருமகன் ஒரு சத்தம் போட்டார். சின்னவன் வாயில் இருந்ததைக் கடக்கென்று கடித்து அப்படியே விழுங்கிவிட்டான். அந்தக் 'கடக்'கைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

மலாயாவின் அவசரகாலத்தில் நம் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி அடித்திருந்தார்களே, அந்த வருஷங்கள். சீனிக்கு ரேஷன். பலகாரம் பேருக்குத்தான். அப்பா தோட்டத்துக் கடையில் வாங்கி வரும் கண்ணாடி மிட்டாய்தான் எனக்குத் தீபாவளி. மற்ற வீடுகளில் அதை ஒளித்து வைத்தார்கள். பிள்ளைகள் தேடிப்பிடித்துத் தின்று தீர்த்துவிட்டு உதையும் வாங்கினார்கள். நீ மட்டும் போத்தலில் போட்டு என் கண் முன்னாலேயே வைத்தாய். தினம் காலையில் ஒன்று. எந்த நிறம் என்பது என் இஷ்டம். "கடிக்காதே, நாக்குல வச்சுக் கரையவிடு. போதும்னு ஒன் வாயே சொல்லும்" என்பாய். சொல்லத்தான் செய்தது. இரண்டாவதை நான் கேட்டதே இல்லை.

ஒரு நாள் காலை வேலி கேட் திறக்கத் தாமதம். பால்வெட்டுக்குப் போகும் நீங்களும், பள்ளிக்குப் போகும் நாங்களும் ஒரே வரிசையில் நின்றோம். பள்ளியில் தோழிகளிடம் காட்டிவிட்டுத் தின்னலாம் என்று மிட்டாயைப் பாவாடை முடிச்சில் வைத்திருந்தேன். அது உனக்குத் தெரியாது. சோதனை போட்ட மலாய்க்காரக் காவலர் முடிச்சைத் தொட்டு, அது என்ன என்று கேட்டார்.

மலாயில் மிட்டாய்க்கு 'குலா-குலா' என்று பெயர். எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் இருந்தது ஒன்றுதானே? இரண்டு முறை சொன்னால் இரண்டு என்று நினைத்துக்கொள்வாரே! அதனால் விரலை நீட்டி, "குலா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன்.

குலா என்றால் சீனி. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறதென்று ஒரு பிடி அரிசியைக்கூட வேலிக்கு வெளியே விடாத காலம். முந்தின வாரம்தான் இதற்காக அடுத்த லயத்து அக்காவை லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். உன்னைத் தனியே நிறுத்தி, பால்வாளியைக் கவிழ்த்து, தலைத்துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். உன் முகம் வெளுத்துப் போனது. முடிச்சை அவிழ்த்தேன். பச்சை மிட்டாய் ஒன்று. காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். அதை இங்கேயே தின்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

வாயில் போட்டு, நீ பழக்கியபடி நிதானமாகச் சப்பினேன். பின்னால் வரிசை முழுக்கக் காத்து நின்றது. வேலைக்கு நேரமாகிறதென்று மேற்பார்வை மண்டோர் கத்தினார்.

"கடிச்சு முழுங்குடி!" என்றாய்.

"நீதானேம்மா கடிக்காதேன்னு சொன்ன?"

வரிசையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. உன் கண்ணைப் பார்த்தேன். கடக்கென்று கடித்து விழுங்கினேன். என்ன ருசி என்றே தெரியவில்லை.

வேலை முடிந்து வந்ததும் நீ முகம்கூடக் கழுவவில்லை. போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தாய்.

"பொறுக்கு."

"காலையிலயே தின்னுட்டேனே."

"அது பயத்துல தின்னதுடி. கணக்குல வராது."

சிவப்பை எடுத்தேன். அது கரைகிறவரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய்.

பிள்ளைக்கும் மிட்டாய்க்கும் நடுவில் பயத்தை மட்டும் விடக்கூடாது. அளவு தானாக வந்துவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அம்மா. நேற்று சின்னவனைக் கூப்பிட்டு டப்பாவை நீட்டினேன். உன் மருமகன், "நீயே கெடுக்கிற லா" என்றார்.

"சும்மா இருங்க. பயந்து முழுங்கினது கணக்குல வராது."

சின்னவன் பச்சையைப் பொறுக்கினான். அது கரைகிறவரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.