கீழ்க்கிளைப் பறவை

அன்பு மகளுக்கு,

ஹார்பினிலிருந்து நீ அனுப்பிய மீன்தோல் கல்யாண அங்கி வந்து சேர்ந்தது. அதில் தைத்த மரத்தின் பறவைகள், பிறக்கக் காத்திருக்கும் பிள்ளைகள் என்பது நம் ஹெஜென் இனத்தின் வழக்கம். கீழ்க்கிளைப் பறவையை மட்டும் பிரித்துவிடச் சொல்லியிருக்கிறாய். தொட்டிலை மடித்து வைத்துவிட்ட வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கடினம்தான்.

துணி என்றால் தையலைப் பிரித்ததும் இழைகள் மெல்லச் சேர்ந்துகொள்ளும், மீன்தோலில் ஊசித் துளை மூடாது என்று உன் அம்மாவுக்கு விளக்கத் தொடங்கினேன்.

"வாத்தியாரே, பாடத்த நிறுத்துங்க. எனக்குத் தெரியாததா?" என்றவள், பெட்டியிலிருந்து தன் பழைய அங்கியை எடுத்து விரித்தாள். ஒரு கிளையில் பறவை இல்லை. பறவையின் வடிவில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

"நம்ம மூத்தவ. நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தப்ப பிரிச்சேன். பிரிச்சும் போகலீங்க."

உனக்கு ஒரு அக்கா இருந்தாள். பெயர் வைக்கும் முன்பே போய்விட்டாள். இதை உன்னிடம் நாங்கள் சொன்னதே இல்லை.

உன் பறவையை அம்மா தொடவில்லை. ஆறு உறைந்துவிட்டது, இரவில் குளிர் அதிகம். உன் அங்கியை எங்கள் இருவருக்கும் நடுவில் கிடத்திப் போர்வை போர்த்துகிறாள். நீ வந்து கேட்கும்வரை அது எங்களோடு தூங்கட்டும்.

உன் அப்பா