உப்புக்காற்றும் புது மானிட்டரும்

அண்ணே,

ஏழரை பஸ்ஸுக்குப் போகிறேன். பழைய சோறும் சுட்ட கருவாடும் மூடி வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்கு மானிட்டர் வரும், பெட்டியை நீயே பிரி.

நொடிக்கு 240 படம் காட்டும் 240 ஹெர்ட்ஸ் திரையை நீ கேட்டாய், நான் வாங்கவில்லை. "ஒனக்கு என்னடி தெரியும்?" என்று நேற்றுக் கத்தினாயே, இதுதான் பதில். நம் கம்ப்யூட்டர் நொடிக்கு எண்பது, தொண்ணூறு படம்தான் தரும். அதற்கு 144 போதும். ஆனால் அடாப்டிவ் சிங்க் கட்டாயம் வேண்டும். படம் வருகிற வேகத்துக்குத் திரையும் ஒத்துப்போகும், நடுவில் கிழியாது. மெனுவில் மறக்காமல் ஆன் செய்.

அந்தக் கிழிசல் ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் கேம் ஆடும்போது நம் கார் வளைவில் திரும்பினால் மேல்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி ஒரு பக்கம் போகும். உப்புக்காற்று ஜன்னல் கம்பியை அரித்துத் தின்றது போல, "டிவியையும் உப்புக்காத்து தின்னுருச்சும்மா" என்று அழுதாய். அம்மா தன் பச்சைச் சேலையால் மானிட்டரை மூடி, "இனி ஒண்ணும் ஆகாதுய்யா" என்றாள். இருந்தவரை தினமும் அவள்தான் மூடினாள்.

பூமயில்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அந்தச் சேலை பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. விளையாடி முடித்ததும் அதனால் புதியதை மூடிவை. உப்புக்காற்று காரணமில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மூடு.