தலையாட்டும் டீச்சர்

என்னங்க, நீங்களும் அத்தையும் பாப்பாவும் சௌக்கியம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். கொண்டுவந்த சுடிதாரெல்லாம் இறுக்குகிறது, அதனால் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நேற்று என் வகுப்புக்குப் பெற்றோர் கூட்டம். "வெளிநாட்டு டீச்சர் பேசுறது அவங்களுக்குப் புரியுமோ என்னவோ" என்று தலைமையாசிரியை என் காதுபடவே சொன்னார். எல்லோரும் வந்துபோன பிறகு ஒரு பஸ் டிரைவர் யூனிபார்மோடு ஓடிவந்தார். அவர் வரும்வரை அவர் மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு கணக்குல தேறிடுவாளா, டீச்சர்?" என்று கேட்டார். நான் நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். மனிதருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. இங்கே அப்படி ஆட்டினால் இல்லை என்று அர்த்தமாம்.

மகள்தான் சிரித்தாள். "அப்பா, டீச்சர் இப்படி ஆட்டினா ஆமான்னு அர்த்தம். எங்க கிளாஸ்ல இப்ப எல்லாருமே இப்படித்தான்" என்று ஆட்டியும் காட்டினாள். அவரும் ஆட்டிப் பார்த்தார். தலைமையாசிரியைகூடச் சிரித்துவிட்டார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தனுப்புங்கள். கூடவே பாப்பா வரைந்த படம் ஒன்று. குப்பையில் போட இருந்ததானாலும் பரவாயில்லை.

மணி அடித்துவிட்டது. அடுத்த மாதம் பாப்பா பள்ளியிலும் கூட்டம் வரும். கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். அவள் வாசலைப் பார்ப்பதற்குள் நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்கள்
டீச்சரம்மா