போன் அடித்தால் எடுக்காதே, அக்கா

கிருபா அக்காவுக்கு,

நானும் அப்பாவும் ஏலக்காய் மூட்டையோடு தேனிக்குப் போகிறோம். மொச்சைக் குழம்பு மூடி வைத்திருக்கிறது, சாப்பிடு.

இன்று போன் அடித்தால் எடுக்காதே. கம்ப்யூட்டரோடு கேபிள் போட்டு இணைத்த கடைத் தராசு தப்பு எடை காட்டுகிறது. மதுரை இன்ஜினியர் அங்கே இருந்தபடியே போன் வழியாக அதைப் பார்க்கப்போகிறார். மோடம் என்கிற பெட்டி தானாகவே போனை எடுத்துக் கீச்சென்று கத்தும்.

நேற்று அவர் இப்படிக் கூப்பிட்டபோது நீ ஓடி வந்து எடுத்து, வழக்கம்போல "ஸ்தோத்திரம், யாரு பேசுறீக?" என்றாய். இணைப்பு அறுந்துவிட்டது. "ஏலே, மதுரைக்காரன் மிஷினுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிட்டாடா உங்க அக்கா" என்று அப்பா சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

யாருக்காக ஓடி வந்தாய் என்று எனக்குத் தெரியும். உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு கோட்டயம் போன அத்தான் இன்று கூப்பிட்டால், அந்தக் கத்தல்தான் அவர் காதில் விழும். மணி அடிக்கும்போதே யார் என்று மோடத்துக்குத் தெரியுமா என்று இன்ஜினியரிடம் கேட்டேன். "தெரியாது தம்பி" என்றார். நான் படிக்கிற ருஷ்ய நாவலில் பனி உருகும்வரை காத்திருக்கிறார்கள். என்னால் அதைப் படிக்கத்தான் முடிகிறது, அப்படிக் காத்திருக்க முடியவில்லை.

கடைச் சாவி பைபிளுக்குப் பின்னால்.

அக்கா, மேலே எழுதியதை விட்டுவிடு. மோடம் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மதுரைக்காரர் கூப்பிட்டால் கரண்ட் இல்லை என்று சொல். மணி அடித்தால் நீயே எடு, ஸ்தோத்திரம் சொல். அத்தானைக் கூப்பிட வைக்க மட்டும் எனக்கு வழி தெரியவில்லை.

ஆதித்தன்