பெட்டியில் விரித்த துண்டு

பாப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு மீதியைப் படி.

கால் விரிந்துபோன வாத்துக்குஞ்சு காலையில் டாக்டரம்மாவின் மேசை மேலேயே இறந்துவிட்டது. "நீ தூக்கித் தூக்கிக் கொஞ்சித்தான் அது கால் போச்சு" என்று நேற்று உன்னைத் திட்டினேனே, அதையே அவரிடமும் சொன்னேன்.

"இல்லீங்க, வழுக்குற இடத்துல நின்னா குஞ்சுக்குக் கால் இப்படித்தான் விரிஞ்சுடும். பெட்டியில என்ன போட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

பெட்டியில் கிடந்தது செய்தித்தாள். நீ விரித்து வைத்த துண்டை, அழுக்காகிறது என்று உருவிவிட்டுத் தாளைப் போட்டவன் நான்தான்.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை, கண்ணு.

அப்பா

மறந்துவிட்டேன்: சாவி டிவி மேல் இருக்கிறது. மிச்சமிருக்கிற இன்னொரு குஞ்சுக்கு உன் துண்டையே விரித்திருக்கிறேன். தனியாகக் கத்திக்கொண்டே இருக்கிறது. தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சு.